பதினேழு விநாடி

பொறாமை என்று என்னிடம் யாராவது சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன். "அவளைப் பார்த்து எனக்கென்ன பொறாமை? நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?" என்று ஒரு பாட்டம் கத்தித் தீர்ப்பேன். ஆனால் சொல்ல உட்கார்ந்த பிறகு மழுப்பிப் பயனில்லை. பொறாமைதான். கலப்படமே இல்லாத பொறாமை.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நாத்தனார். அதற்கும் முன்னால், கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விலங்கியல் படித்தவர்கள் நாங்கள். கடைசித் தேர்வில் எனக்கு அவளைவிட இரண்டு மதிப்பெண் கூடுதல். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்வேன். நான் கல்யாணம் செய்துகொண்டு பள்ளிக்கூட வேலைக்கு வந்தேன். அவள் ஏரிக்கரையில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள், நீர்ப்பறவைகளைப் பற்றி எழுதினாள், பெரிய ஆளாகிவிட்டாள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பழி போட ஓர் ஆள்கூட இல்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். கல்லூரியில் "வாடி, போடி" என்றிருந்தவள் என் கல்யாணத்தன்று "அண்ணி, நீங்க" என்று மாறினாள். மரியாதைக்குத்தான் மாறினாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

வீட்டில் அவளுக்கு நான் வைத்த பெயர் ஆராய்ச்சி. "உங்க ஆராய்ச்சி போன் பண்ணினாளா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பேன். அவர் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிப் பழகியவர். சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த வருடம் எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, உயிரினங்களை விஞ்ஞானிகள் கவனிக்கிற மாதிரி கவனிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற குளத்தில், ஆறு சனிக்கிழமை. அந்தப் பள்ளியில் பதினோரு வருடமாக அறிவியல் டீச்சராக இருக்கிறவள் நான். ஒரு பூதக்கண்ணாடி கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். "உங்க நாத்தனாரைக் கூப்பிட்டா வருவாங்களா டீச்சர்?" என்று தலைமையாசிரியை என்னிடமே கேட்டார். அவள் வருகிறேன் என்றதும், கல்லில் நார் உரிக்கிற அந்த அம்மாள் ஒரே வாரத்தில் பதினாறு ஸ்டாப்வாட்ச் வாங்கி இறக்கிவிட்டார்! என்னுடைய வேலை, குளக்கரையில் நின்று எந்தப் பிள்ளையும் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்வது. உப்புக்குச் சப்பாணி.

ஆறு வாரமும் ஆராய்ச்சி எங்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கினாள். அவள் வந்த அன்றைக்கே என் மகள் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குக் குடிபோய்விட்டாள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவு இருந்ததால் அவள் பெயர் சுண்டு. பத்து வயது. அந்த ஐந்தாம் வகுப்பில்தான் படிக்கிறாள். வகுப்பில் நான் டீச்சர், வீட்டில் அம்மா.

குளத்தில் இருந்தவை முக்குளிப்பான்கள். வாத்தைவிட ரொம்பச் சின்ன, பழுப்பு நிறப் பறவைகள். தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், சட்டென்று தலைகுப்புற முங்கிக் காணாமல் போகும், நாம் பார்க்காத இடத்தில் வந்து எழும். அது எத்தனை விநாடி தண்ணீருக்கடியில் இருக்கிறது என்று அளப்பதுதான் பாடம். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருத்தி பார்ப்பாள். அவள் பறவையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது. பறவை முங்கினால் "போச்சு" என்பாள், எழுந்தால் "வந்துச்சு" என்பாள். இன்னொருத்தி குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்கு ஸ்டாப்வாட்சை அமுக்கி, எண்ணைச் சத்தமாகப் படித்து, தன் நோட்டில் எழுதுவாள். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள்.

"எழுதறவங்க ஏன்க்கா பார்க்கக் கூடாது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"பார்த்தா உனக்கு ஒரு ஆசை வந்துடும். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருக்கட்டுமேன்னு நினைப்பே. விரல் தானா லேட்டா அமுக்கும்" என்றாள் ஆராய்ச்சி.

பென்சில் கூடாது, பேனாதான். தப்பாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதி, ஏன் என்று எழுத வேண்டும். எண்ணின் மேலேயே திருத்தி எழுதினால் அந்த நோட்டை ஒதுக்கிவிடுவாளாம். "தப்பாப் பார்த்தாத் திட்ட மாட்டேன். எழுதினதை மாத்தினா என் பக்கத்துலயே வராதீங்க." இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. பிள்ளைகள் கப்சிப் என்று இருந்தார்கள். நான் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினால் பின்பெஞ்சில் கொட்டாவி விடுவார்கள்.

ஒரு பெண் 'பறவை மகிழ்ச்சியாக நீந்துகிறது' என்று எழுதிக் காட்டினாள். "மகிழ்ச்சின்னு எப்படித் தெரிஞ்சுது? உன் காதுல வந்து சொல்லுச்சா?" என்றாள் ஆராய்ச்சி. எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வாக்கியம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பதினோரு வருடமாக அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவள் நான்தான்.

சுண்டுவின் ஜோடி தையல்காரர் மகள். அவள் வாய் திறந்து பேசவே மாட்டாள், ஆனால் கண் மட்டும் பருந்துக் கண். அவள் பார்க்க, சுண்டு எழுத, இருவரும் மூன்றே வாரத்தில் மற்ற பிள்ளைகளையெல்லாம் தாண்டிவிட்டார்கள்.

வீட்டில் சுண்டு ஆள் மாறினாள். அப்பா பல் தேய்க்கிற நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "அம்மா, உனக்குக் கோபம் வர்றதுக்கு முன்னாடி மூக்கைத் தேய்க்கிறே. ஆறு தடவை பார்த்துட்டேன்" என்றாள். வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. ஆராய்ச்சி குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். என் கை மூக்குப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. நான் காய் நறுக்கும்போது சுண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பொழுதுக்கும் கேள்வி கேட்பாள். எறும்பு தூங்குமா, மழை பெய்தால் பட்டாம்பூச்சி எங்கே போகும், மீனுக்குத் தாகம் எடுக்குமா. பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. ஏதோ அடித்துவிடுவேன், அல்லது "தொணதொணன்னு உயிரை வாங்காதே, போய்ப் படி" என்று விரட்டுவேன். மூன்றாவது வாரம், கேள்வியே வரவில்லை என்பது ஒரு நாள் உறைத்தது. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'அத்தையிடம் கேட்க வேண்டியவை' என்று இருந்தது. கீழே பதினான்கு கேள்விகள். வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது.

ஐந்தாவது சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றிருந்தேன். பின்னால் தையல்காரர் மகள் "போச்சு" என்றாள். என் கண் அந்தப் பறவை மேல்தான் இருந்தது. வாய்க்குள்ளேயே எண்ணத் தொடங்கிவிட்டேன். பதினாறு, பதினேழு. "வந்துச்சு!" பழுப்புத் தலை நாணல் பக்கம் எழுந்தது. "பதினேழு" என்று படித்தாள் சுண்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடிகாரமே இல்லாமல் நான் சரியாக எண்ணியிருக்கிறேன்! திரும்பினேன். சுண்டு ஓடிப்போய் அத்தையிடம் நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் பதினேழை யாரிடம் சொல்வது? வாயை மூடிக்கொண்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் போன ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அன்றைக்கு முடிவில் ஆராய்ச்சி ஓர் அறிவிப்பு செய்தாள். விடுமுறையில் இரண்டு பிள்ளைகளை ஏரிக்கரைக்கு வரவழைத்துத் தன்னோடு வைத்துக்கொள்வாள், நாற்பது நாள். யார் நோட்டு நன்றாக இருக்கிறதோ அவர்கள். அன்று எடுத்ததையும் சேர்த்து அந்த வாரம் ஆளுக்குப் பத்து அளவு எடுத்துக் கூட்டிச் சராசரி போட்டு, வெள்ளிக்கிழமை வகுப்பு டீச்சரிடம், அதாவது என்னிடம், நோட்டைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை அவள் பார்த்துச் சொல்வாள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி யார் என்று குளத்துத் தவளைக்குக்கூடத் தெரியும்.

வீட்டில் சுண்டு அன்றைக்கே துணி எடுத்து வைக்கத் தொடங்கினாள். "நாப்பது நாள் நான் இல்லாம இருந்துடுவியா?" என்று கேட்டேன்.

"அத்தை இருக்காங்கல்ல."

"பெரியவளானா என்ன ஆகப் போறே?"

"அத்தை மாதிரி."

"ஏன், என்னை மாதிரி டீச்சர் ஆனா என்னவாம்?"

சுண்டு ஒரு சட்டையை மடித்துக்கொண்டே யோசித்தாள். என்னைப் புண்படுத்த வேண்டும் என்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. "நீ புத்தகத்துல இருக்கிறதைச் சொல்றேம்மா. அத்தை பார்த்ததைச் சொல்றாங்க" என்றாள்.

சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தடதடவென்று கழுவினேன். "போயிட்டு வரட்டுமே, ஒரு மாசம்தானே" என்று வீட்டுக்காரர் வந்து நின்றார். "நாப்பது நாள்! உங்க வீட்டு ஆளுங்களுக்கு எண்ணக்கூடத் தெரியாதா?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் எனக்கு வகுப்பில்லை. ஆசிரியர் அறையில் யாருமில்லை. முப்பத்திரண்டு நோட்டுகள் மேஜையில் இருந்தன. சுண்டுவின் நோட்டை எடுத்தேன். பார்க்க மட்டும்தான் எடுத்தேன், அது சத்தியம்.

எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! காற்று எந்தப் பக்கம், வெயில் எப்படி, எந்த நாணல் ஓரம், எல்லாம் இருந்தது. ஒரு வீண் வார்த்தை இல்லை. தப்பான இடத்தில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் 'நாய் குரைத்ததில் கவனம் தவறியது'. பத்து வயதில் நான் இப்படி எழுதியிருப்பேனா? இருபது வயதில்கூட எழுதியதில்லை. கடைசியாக எழுதிய அளவுப் பக்கத்தில் பத்து எண்கள்: 14, 17, 11, 19, 12, 16, 15, 13, 18, 15. அதில் அந்தப் பதினேழு. நானும் எண்ணிய பதினேழு.

என் கையில் நீலப் பேனா இருந்தது. ஒன்றை நான்காக்க இரண்டு கீற்று போதும். முதல் கீற்று சாய்வாக, இரண்டாவது குறுக்காக. பதினேழு நாற்பத்தேழானது. இழுத்து முடிக்க மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆராய்ச்சி பார்ப்பாள், எண்ணைத் திருத்தியிருக்கிறது என்று நோட்டை ஒதுக்குவாள், சுண்டு அழுதுகொண்டு என்னிடம் ஓடி வருவாள். நான் மடியில் போட்டுக்கொண்டு "விடுடி, அவ கிடக்கிறா" என்று தட்டிக் கொடுப்பேன். என் கணக்கு அவ்வளவுதான். இப்போது சொல்லும்போது வாய் கூசுகிறது, அப்போது கை கூசவில்லை.

சனிக்கிழமை காலை பிள்ளைகள் குளக்கரைச் சுவர் ஓரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆராய்ச்சி ஒவ்வொரு நோட்டாக எடுத்து, நல்லதையும் கெட்டதையும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். சுண்டுவின் நோட்டு வந்தது. பக்கங்களைப் புரட்டும்போது அவள் முகம் மலர்ந்தது. பத்து எண்கள் இருந்த பக்கத்தில் கை நின்றது.

"சுண்டு, இது என்ன? நாப்பத்தேழா?"

"நாப்பத்தேழு செகண்டா! செத்தே போயிருக்கும்" என்று ஒருவன் சிரித்தான்.

தையல்காரர் மகள் எழுந்து நின்றாள். அந்த ஆறு வாரத்தில் "போச்சு, வந்துச்சு" தவிர அவள் குரலை நான் கேட்டதே இல்லை. "சுண்டு பதினேழுன்னுதான்க்கா படிச்சா. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். சுண்டுவைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் அது சுண்டுவின் தலையிலேயே விழுந்தது. படித்தது பதினேழு என்றால், மாற்றி எழுதியது யார்?

சுண்டு நோட்டை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் தலையை நிமிர்த்தவும் இல்லை.

"நான்தான் அத்தை மாத்தினேன்" என்றாள்.

"எப்போ மாத்தினே?" என்றாள் ஆராய்ச்சி.

"அப்பவே."

"அப்பவே மாத்தியிருந்தா கூட்டினது நூத்தி எண்பது வரணும். நீ நூத்தம்பதுன்னு போட்டிருக்கே. சராசரி பதினஞ்சு. பதினேழு இருந்தாத்தான் இந்தக் கணக்கு சரியா வரும்." அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "கூட்டி முடிச்சதுக்கு அப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க. கூட்டலைப் பார்க்காம."

நானும் ஓர் அறிவியல் டீச்சர்! கீழே கூட்டல் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

"நான்தான்" என்றாள் சுண்டு மறுபடியும். "கூட்டினதுக்கு அப்புறம் மாத்தினேன்."

ஆராய்ச்சி காத்திருந்தாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஓர் அடி முன்னால் வைத்து, "அவ இல்ல, நான்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். முப்பத்திரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அடியை வைக்கவில்லை. அவள் காத்திருந்துவிட்டு, நோட்டை மூடி, ஒதுக்கிய நோட்டுகளோடு வைத்தாள். தையல்காரர் மகளும் இன்னொரு பையனும் ஏரிக்குப் போகிறார்கள் என்று அறிவித்தாள். தையல்காரர் மகள் சுண்டுவைப் பார்த்தாளே தவிர, சிரிக்கவில்லை. பின்னால் யாரோ "பொய்க்கணக்கு சுண்டு" என்று முணுமுணுத்தார்கள்.

சாயங்காலம் சுண்டு எடுத்து வைத்த துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மடி காலியாகத்தான் இருந்தது, அவள் வரவில்லை.

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

"நோட்டு வெள்ளிக்கிழமையிலேருந்து உன்கிட்டதானேம்மா இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் நீ மாத்தினதாச் சொன்னே?"

"எனக்குன்னா ஒரு நாள் திட்டுதான்" என்றாள், அடுக்குவதை நிறுத்தாமல். "உனக்குன்னா வேலை போயிடும்ல?"

பத்து வயதுப் பிள்ளை, அத்தனை பேர் முன்னால் நின்றுகொண்டு, அந்த நேரத்தில் இதைக் கணக்குப் போட்டிருக்கிறாள். ஏரி போனாலும் பரவாயில்லை, பேர் கெட்டாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு வேலை போகக் கூடாது. நானோ அவளை மடியில் போட்டுக்கொள்வதற்காக அவள் காலை உடைத்திருக்கிறேன். "தங்கமே" என்று கட்டிக்கொள்ளப் போனேன். அவள் தள்ளவில்லை. கையில் இருந்த சட்டையோடு அப்படியே நின்றாள்.

எழுந்து முன்னறைக்குப் போனேன். ஆராய்ச்சி பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பண்ணினேன்" என்றேன்.

அவள் கையில் இருந்த புத்தகத்தைக் கட்டிலில் வீசினாள். "ஏண்டி? ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்றாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த 'டி'. "பெத்த பொண்ணுடி அது! என் மேல கோபம்னா என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்ல?"

"நான்தான்னு உனக்குக் காலையிலேயே தெரியும்ல? ஏன் சொல்லல?"

"நான் சொன்னா மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும். நீயா சொல்வேன்னு நின்னேன்டி. எவ்வளவு நேரம் நின்னேன்!"

"இப்போ சொல்லிட்டேன்ல. சுண்டுவைக் கூட்டிட்டுப் போ" என்று கெஞ்சினேன். "நாப்பது நாள் இல்ல, நானூறு நாள்கூட வெச்சுக்கோ."

"எப்படி? இடம் ரெண்டுதான். தையல்காரர் பொண்ணு இந்நேரம் வீட்டுல பையைத் தயார் பண்ணியிருப்பா. அவகிட்டேயிருந்து பிடுங்கவா?" அவள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சுண்டு பேர்ல ஒரு பொய் இருக்கு. அதையாவது எடு."

மறுநாள் காலை வண்டியில் அவள் போய்விட்டாள். இரண்டு பிள்ளைகளும் விடுமுறை தொடங்கியதும் வந்து சேர்வதாக ஏற்பாடு. திங்கட்கிழமை முதல் வேலையாகத் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றீங்க டீச்சர்?" என்றார். அப்புறம், எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். கொடுத்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று, "சுண்டுவோட நோட்டுல பதினேழை நாப்பத்தேழா மாத்தினது அவ இல்ல, நான்" என்றேன்.

அதைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆறு வாரம் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இல்லையா? முன்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"ஏன் மாத்தினீங்க டீச்சர்?"

"பொறாமை" என்றேன்.

"யார் மேல?"

"அந்த அக்கா மேல."

"அப்போ அவங்க நோட்டைத்தானே மாத்தணும்? ஏன் சுண்டு நோட்டை மாத்தினீங்க?" என்றது அந்தக் குட்டிச்சாத்தான்.

மூன்றாவது வரிசையில் சுண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முக்குளிப்பானைப் பார்க்கிற அதே பார்வை. "சுண்டு மேலயும்தான்" என்றேன். அதுவரை எனக்கே அது தெரியாது.

எனக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கை என்று ஒரு தாள் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அறிவியலை இன்னொரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, என்னை மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு அளவாகப் பேசினார், பிறகு பழையபடி சிரிக்கத் தொடங்கினார். சுண்டு அவளுக்குரிய வேலைகளைச் செய்தாள், கூப்பிட்டால் வந்தாள், கேட்டால் பதில் சொன்னாள். கோபமாக இருந்திருந்தால் கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் செய்திருப்பேன். கோபமே இல்லாத பிள்ளையை என்ன செய்வது?

விடுமுறையின் முதல் நாள் காலை, நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். தையல்காரர் மகள் அன்றைக்குத்தான் ஏரிக்குக் கிளம்பியிருந்தாள். சுண்டு பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்கே?"

"குளத்துக்கு. எழுத ஆள் இல்ல" என்றாள். செருப்பால் தரையைத் தேய்த்தாள். "நீ வர்றியா?"

அடுப்பை அணைத்துவிட்டு, தலைகூட வாராமல் கிளம்பினேன். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினேன். அவள் ம், ம் என்று வந்தாள்.

சுவர் ஓரத்தில் என்னைக் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தாள். "திரும்பிப் பார்க்கக் கூடாதும்மா." ஸ்டாப்வாட்சும் நோட்டும் கைக்கு வந்தன. எனக்கு எதிரே பள்ளிக்கூடத்தின் பின்சுவர், அதில் ஒரு குழாய், ஒரு பழைய பெஞ்சு. பின்னால் தண்ணீரின் வாடை.

"போச்சு" என்றாள். அமுக்கினேன். கழுத்து திரும்பத் துடித்தது, திரும்பவில்லை. "வந்துச்சு." அமுக்கினேன். "பதினாலு" என்று சத்தமாகப் படித்து எழுதினேன்.

சுண்டு எழுந்து வந்தாள். குனிந்து ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். சரி என்று திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அடுத்த அளவுக்கும் அப்படியே எழுந்து வந்து பார்த்தாள். அதற்கு அடுத்ததற்கும். பத்து முறையும் வந்து பார்த்தாள். தையல்காரர் மகளோடு இருந்தபோது ஒரு முறைகூட அவள் இப்படிச் சரிபார்க்க எழுந்ததில்லை.

பத்து முடிந்ததும் நோட்டை வாங்கி, மடியில் வைத்து, கூட்டலையும் சராசரியையும் அவளே போட்டாள். மூடிப் பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்தாள். வெயில் ஏறிவிட்டது. அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"கொடுடி, பையை நான் தூக்கிட்டு வரேன்" என்று கையை நீட்டினேன்.

"வேணாம்மா" என்றாள். "நோட்டு உள்ள இருக்கு."

பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.